மாப்பிள்ளைக்கு ஸ்டாம்ப் பழக்கம் உண்டு!

2009-ல் உத்தமபாளையத்துக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். கேசரி வந்தது, வாழைக்காய் பஜ்ஜி வந்தது, பெண் மட்டும் இன்னும் வரவில்லை. அந்த நேரத்தைப் போக்கப் பெண்ணின் அப்பா என்னிடம் பேச்சுக் கொடுத்தார். ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். கேள்வி கேட்டே பழக்கப்பட்டவர்.

"தம்பிக்கு ஏதாச்சும் பழக்கம் உண்டா?"

பக்கத்தில் இருந்த என் தாய்மாமா முழங்கையால் இடித்தார். 'இல்லைன்னு சொல்லித் தொலைடா' என்று அர்த்தம். எனக்குப் பொய் வரவில்லை.

"ஸ்டாம்ப் சேர்க்கிற பழக்கம் உண்டு சார்."

வாத்தியார் முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப நல்ல பழக்கம்! பொது அறிவு வளரும். எந்தெந்த நாட்டு ஸ்டாம்பெல்லாம் வச்சிருக்கீங்க?"

"தபால் ஸ்டாம்ப் இல்லை சார். ரெவின்யூ ஸ்டாம்ப்."

பஜ்ஜி எடுக்கப் போன அவர் கை அப்படியே நின்றது.

"ரெவின்யூ ஸ்டாம்பா? புரோநோட்டுல ஒட்டுவாங்களே, அதா?"

"ஆமா சார்."

"எத்தனை பேருக்குக் கடன் குடுத்திருக்கீங்க தம்பி?"

மாமா பதறிப்போய், "ஐயையோ, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. கந்துவட்டிக்கும் எங்க குடும்பத்துக்கும் சம்பந்தமே கிடையாது" என்றார். அதைக் கேட்டதும் வாத்தியாருக்குச் சந்தேகம் இன்னும் ஜாஸ்தியாகிவிட்டது. நல்லவேளை, பெண் காபித் தட்டோடு வந்தாள். மிச்சக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் அந்தப் பழக்கத்தைப் பற்றி உங்களிடம் ஒரு வாக்குமூலம் கொடுத்துவிடுகிறேன்.

தபால் தலை சேர்ப்பவர்களைப் பற்றி யாரும் தப்பாக நினைப்பதில்லை. மயில், மான், ராக்கெட், தலைவர்கள் என்று ஆல்பத்தைத் திறந்தால் குட்டி அருங்காட்சியகமே இருக்கும். எங்கள் ஆல்பத்தைத் திறந்தால் சிங்கம். அடுத்த பக்கம் திருப்பினாலும் அதே அசோகர் தூண் சிங்கம். அதன் மேல் குறுக்கே யாரோ ஒருவருடைய கையெழுத்து வேறு. "ஒரே ஸ்டாம்பை ஏண்டா ஐந்நூறு வச்சிருக்க?" என்று நண்பர்கள் கேட்பார்கள். ஸ்டாம்ப் ஒன்றுதான், ஆனால் அதற்குமேல் இருக்கிற கையெழுத்து ஐந்நூறு விதம்.

தபால் தலையை அரசாங்கமே முத்திரை குத்திச் செல்லாததாக்கிவிடும். ரெவின்யூ ஸ்டாம்பை நாம்தான் செல்லாததாக்க வேண்டும். 1899-ம் வருஷத்து இந்திய முத்திரைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஒட்டுகிறவர் அதன் குறுக்கே தன் பெயரையோ இனிஷியலையோ தேதியோடு எழுதி, மறுபடி உபயோகப்படாதபடி பண்ண வேண்டும். பாதிக் கையெழுத்து ஸ்டாம்பிலும் பாதி காகிதத்திலுமாகக் கிடக்கிறதே, அதற்குக் காரணம் இதுதான். ஸ்டாம்பை உரித்தால் கையெழுத்தும் இரண்டாகக் கிழிந்துவிடும்.

இதைச் சட்டப் புத்தகத்தில் படித்து நான் தெரிந்துகொள்ளவில்லை. அப்பாவின் பீரோவைத் திறந்துதான் தெரிந்துகொண்டேன்.

1991. நான் சின்னமனூரில் ஏழாம் வகுப்பு. வகுப்பில் பாதிப் பேருக்கு ஸ்டாம்ப் பைத்தியம். உறையோடு ஸ்டாம்பை வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டால் பசை இளகித் தானே உரிந்து வரும் என்று ஒரு பையன் வித்தை சொல்லிக் கொடுத்தான். வித்தை தெரிந்துவிட்டது, உறைக்கு எங்கே போவது? எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். கடிதம் எழுத ஒரு நாதி கிடையாது. அப்போதுதான் பீரோவில், துணிகளுக்கு அடியில், மடித்து வைத்த ஒரு காகிதத்தில் ஜோடியாக இரண்டு சிங்கத்தைப் பார்த்தேன். இருபது பைசா ஸ்டாம்ப். யாரோ பேனாவால் கிறுக்கிப் 'பாழாக்கி' வைத்திருந்தார்கள். தண்ணீரில் போட்டால் கிறுக்கலும் போய்விடுமே என்று என் புத்தி சொல்லியது.

போயும்விட்டது. கிண்ணத்துத் தண்ணீர் நீலமாக மாறியது. ஸ்டாம்ப் இரண்டும் பளிச்சென்று மிதந்தன.

அது எட்டாயிரம் ரூபாய்க்கான புரோநோட்டு. அப்பா அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர். அக்கா கல்யாணத்துக்கென்று சேர்த்ததை, சும்மா கிடக்க வேண்டாமே என்று ஒரு வெற்றிலைக் கொடிக்கால்காரருக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் கொடுத்திருந்தார்.

சாயங்காலம் வந்து கிண்ணத்தைப் பார்த்தார். "என்னடா பண்ணிப்புட்ட..." என்று மட்டும் சொல்லிவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார். அடித்திருந்தால் தேவலை. அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

ஏன் அவ்வளவு கலக்கம் என்பது பெரியவனாகிச் சட்டத்தைப் படித்தபோதுதான் விளங்கியது. மற்ற பத்திரங்களில் ஸ்டாம்ப் விட்டுப்போனால் கோர்ட்டில் தீர்வையும் அபராதமும் கட்டிச் சரி பண்ணிக்கொள்ளலாம். ஸ்டாம்ப் ஒட்டாத ரசீதுக்குக்கூட, அதை எழுதிக் கொடுத்தவருக்கு எதிராகக் காட்ட வேண்டுமென்றால், ஒரு ரூபாய் அபராதத்தோடு வழி இருக்கிறது. புரோநோட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. எழுதும்போதே ஸ்டாம்ப் இல்லையென்றால் அது சாட்சியமாக நிற்காது. எங்கள் கேஸில் எழுதும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் 'ஸ்டாம்ப் இருந்தது ஐயா, கையெழுத்தும் இருந்தது ஐயா, பையன் கழுவிவிட்டான் ஐயா' என்று எந்த ஜட்ஜிடம் போய் நிற்பது?

மறுநாள் அப்பா என்னை சைக்கிளில் வைத்துக் கொடிக்காலுக்கு அழைத்துப் போனார். 'காகிதம் பழசாயிருச்சு, புதுசா எழுதிக் குடுங்க' என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நடந்ததை அப்படியே சொன்னார். கொடிக்கால்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பய வெள்ளந்தியா இருக்கானேண்ணே! அதுக்கென்ன, அடுத்த வாரம் எழுதிக் குடுத்துருவோம்."

அந்த 'அடுத்த வாரம்' வரவே இல்லை. இடையில் கொடிக்காலில் வாடல் நோய் விழுந்தது. அப்பா மாதம் ஒருமுறை போவார், காபி குடித்துவிட்டு வருவார். இரண்டரை வருஷம் கழித்து ஒருநாள் அவரே மஞ்சப் பையோடு வீட்டுக்கு வந்து எட்டாயிரத்தை எண்ணி வைத்தார். வட்டியைப் பற்றி அவரும் பேசவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. அசல் வந்தது, வட்டி தண்ணீரோடு போனது. அக்கா கழுத்தில் ஒரு சங்கிலி குறைந்தது.

மாதம் எண்பது வீதம் முப்பது மாதம். அப்பா மண்டிக் கணக்குப் பிள்ளை ஆயிற்றே, மனக்கணக்காகவே போட்டுச் சொன்னார்: "ரெண்டு ஸ்டாம்பும் ரெண்டாயிரத்து நானூறு ரூவாடா. பத்திரமா வச்சுக்க." வைத்திருக்கிறேன். என் கலெக்‌ஷனிலேயே விலை ஜாஸ்தியான ஸ்டாம்ப் அதுதான். அதில் கையெழுத்து இல்லை, காகிதம் இல்லை. சேகரிப்பவன் கண்ணுக்கு வெறும் குப்பை.

அதோடு அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். 2002-ல் தேனியில் ஒரு ஆபீஸில் வேலை கிடைத்து, முதல் சம்பளம் வாங்கினேன். கேஷியர் சம்பளப் பட்டியலைத் திருப்பி, ஈர ஸ்பாஞ்சில் ஒரு ஸ்டாம்பைத் தடவி என் பெயருக்கு நேரே ஒட்டி, "ஒரு ரூவா பிடிச்சாச்சு. குறுக்கே போடுங்க தம்பி. ஸ்டாம்புக்கு வெளிய கொஞ்சம் வரணும்" என்றார். போட்டேன். மேலே, கீழே பார்த்தேன். சூபரின்டெண்டெண்ட் கையெழுத்து எறும்பு மாதிரி ஸ்டாம்புக்குள்ளேயே அடங்கிவிட்டது. டிரைவர் கையெழுத்து மூன்று பேர் இடத்தை அடைத்திருந்தது. ஒரு கிளார்க் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். கடன்காரர்கள் வாசலில் நிற்பதால் சீக்கிரம் போக வேண்டுமாம்! ஆபீஸ் மொத்தமும் அந்த ஒரு பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. பழைய பைத்தியம் அன்றைக்கே திரும்பப் பிடித்துக்கொண்டது.

(பட்டியலில் கை வைக்கவில்லை. அது ஆபீஸ் ரெக்கார்டு. கை வைத்தால் வேலை போயிருக்கும்.)

கம்பம் பள்ளத்தாக்கு இந்தப் பைத்தியத்துக்கு ஏற்ற பூமி. இங்கே நெல், வாழை, திராட்சை, வெற்றிலை, பருத்தி, மலையில் ஏலம், காப்பி, மிளகு. இத்தனையும் நிலத்தில் விளைவதற்கு முன் காகிதத்தில் விளைந்தாக வேண்டும். விதைக்கக் கடன், அறுக்கக் கடன், அட்வான்ஸ், கமிஷன், வாரம், குத்தகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு, ஒரு சிங்கம். பள்ளத்தாக்கின் தண்ணீரே ஒரு குத்தகைப் பத்திரத்தில்தான் வருகிறது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூரோடு எழுதிக்கொண்ட பெரியாறு குத்தகை, 999 வருஷத்துக்கு. எட்டாயிரம் ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய், ஆக வருஷத்துக்கு நாற்பதாயிரம். 1970-ல் அதை ஏக்கருக்கு முப்பது ஆக்கினார்கள். பென்னிகுயிக் அணை கட்டி முடித்தது 1895-ல். அந்த வாடகை ரசீதில் ஒரே ஒரு வருஷத்துச் சீட்டு என் கண்ணில் பட்டால் போதும், ஆபீசுக்கு மெடிக்கல் லீவு போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கண்ணில் பட்டது வேறு ஒன்று. போடியில் ஒரு பழைய ஏலக்காய் வியாபாரி வீடு. வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள், டிரங்குப் பெட்டி நிறையக் காகிதம் எடைக்குப் போகப் போகிறது என்று நண்பன் சொல்ல, ஓடினேன். பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது ராஜா தலை. ஐந்தாம் ஜார்ஜ். தபால் தலையாயிற்றே, ரசீதில் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். 1906-லிருந்து அரையணா, ஒரணா ஸ்டாம்புகளில் 'போஸ்டேஜ்', 'ரெவின்யூ' என்று இரண்டையும் சேர்த்தே அச்சடித்தார்கள். கடிதத்திலும் ஒட்டலாம், ரசீதிலும் ஒட்டலாம். தபால் முத்திரை விழுந்தால் தபால் தலை சேர்ப்பவர் கொண்டாடுவார். பேனா கோடு விழுந்தால் 'சீ' என்று தள்ளிவிடுவார். அவர் தள்ளியதெல்லாம் நமக்கு.

அந்த இரண்டு ஜாதிக்கும் நடுவே இன்னொரு பழைய உறவு உண்டு. 1866-ல் ஆறணா தபால் தலைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, உண்டியல் பத்திரங்களில் ஒட்டும் 'ஃபாரின் பில்' ஸ்டாம்பின் தலையையும் காலையும் வெட்டிவிட்டு, மேலே 'போஸ்டேஜ்' என்று அச்சடித்துத் தபாலாபீஸில் விற்றார்கள். இன்று தபால் தலைக்காரர்கள் அந்தத் தலையில்லாத ஸ்டாம்பைப் பெருமையாக ஆல்பத்தில் வைக்கிறார்கள். பூர்வீகம் எங்கள் ஜாதி என்பதை மட்டும் மெதுவாகத்தான் சொல்வார்கள்.

பெட்டியின் அடியில் வேறொரு கட்டு. அந்த ஸ்டாம்பில் ராஜாவும் இல்லை, சிங்கமும் இல்லை. சங்கு! காகிதத்தில் தமிழும் மலையாளமும் கலந்து கிடந்தன. வருஷம் 1108 என்று போட்டிருந்தது. குலோத்துங்க சோழன் காலத்திலேயே போடியில் ஏலக்காய்க்கு அட்வான்ஸ் கொடுத்தார்களா என்று ஒரு நிமிஷம் தலை சுற்றியது. அப்புறம்தான் உறைத்தது, அது கொல்லம் ஆண்டு. 825-ஐக் கூட்டினால் 1932-33. போடி மெட்டுக்கு மேலே ஏறினால் அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே சங்கு முத்திரை, சக்கரக் கணக்கு. இருபத்தெட்டு சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். காடு மேலே, கடை கீழே. மேலே கொடுத்த பணத்துக்குச் சங்கு, கீழே வாங்கிய பணத்துக்கு ஜார்ஜ். ஒரே மனுஷர் இரண்டு ராஜாங்கத்துக்கும் ஸ்டாம்ப் ஒட்டியே காலம் தள்ளியிருக்கிறார். இரண்டிலும் ஒரே மாதிரி, கொஞ்சம் சாய்ந்த கையெழுத்து.

வீட்டுக்காரர் பேரன், "எடைக்கு என்ன உண்டோ அதைக் குடுங்கண்ணே" என்றார். கொடுத்துவிட்டு பஸ்ஸில் டிரங்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். அதற்கு டிக்கெட் போட்டார் கண்டக்டர்!

இப்படிக் காகிதத்தில் முத்திரை வைத்து வரி வாங்கும் யோசனை ஹாலந்தில் 1624-ல் பிறந்தது. பிரிட்டிஷ்காரன் 1765-ல் அதை அமெரிக்காவில் போட்டுப் பார்த்தான். அங்கே ஜனங்கள் கொதித்தெழுந்ததில் அடுத்த வருஷமே வாபஸ். நம் ஊருக்கு 1797-ல், கம்பெனி காலத்தில், வங்காளம் வழியாக வந்தது. இங்கே போனது போனதுதான், வாபஸ் கிடையாது.

'இத்தனூண்டு ஸ்டாம்பைப் போய் எவன் கள்ளத்தனமா அச்சடிப்பான்?' என்று அலட்சியமாக இருந்தவர்களுக்கு அப்துல் கரீம் தெல்கி பதில் சொன்னார். முத்திரைத்தாள் மோசடியில் 2001-ல் அஜ்மீரில் கைது. அப்புறம் முப்பது வருஷக் கடுங்காவல். 2017-ல் தண்டனைக் காலத்திலேயே இறந்துபோனார். முத்திரைத்தாளோடு ரெவின்யூ ஸ்டாம்பும் அவர் சரக்கில் அடக்கம். எனவே பழைய கடைக்காரர் யாராவது கட்டுக்கட்டாக, உபயோகிக்காத ஸ்டாம்ப் தருகிறேன் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். கையெழுத்து விழுந்த ஸ்டாம்புதான் நமக்குச் சரக்கு.

அதிலும் ஒரு சங்கதி. உபயோகித்த ஸ்டாம்பில் உள்ள மையை அழித்து மறுபடி ஓட்டப் பார்ப்பது குற்றம். பழைய பீனல் கோடில் 263-வது பிரிவு அதற்கு மூன்று வருஷம் வரை வைத்திருந்தது. ஏழாம் வகுப்பில் நான் பண்ணியது கிட்டத்தட்ட அதேதான். மோசடி நோக்கம் இல்லாததால் தப்பித்தேன். ஆகவே தண்ணீர், கத்தரிக்கோல் இரண்டையும் தூர வையுங்கள். முழுக் காகிதமாக வையுங்கள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் சுவாரஸ்யம். புரோநோட்டுக்கு ஆயுசு மூன்று வருஷம். அதற்குள் கொஞ்சமாவது பணம் கட்டி, கடன்காரர் பின்னால் 'வரவு' எழுதிக் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து மறுபடி மூன்று வருஷம். 'வரவு ரூ. 15', 'வரவு ரூ. 10', அப்புறம் ஒரு 'வரவு ரூ. 2'. மழை பொய்த்த வருஷம் அதிலேயே தெரிந்துவிடும். சில காகிதத்தில் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை, சிங்கத்தின் முகத்தில் அப்பிக்கொண்டு.

வாங்கும்போது தேதியைப் பாருங்கள். மூன்று வருஷத்துக்கு உட்பட்டது என்றால் அது உயிரோடு இருக்கும் காகிதம், யாருடைய வயிறோ அதில் இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெளியே காட்டும்போது பெயரை மறைத்துக் காட்டுங்கள். தாத்தா வாங்கிய கடன் பேரன் ஆபீஸ் கேண்டீனில் பேச்சாகக் கூடாது. சாரல் மாதங்களில் காகிதம் ஈரம் குடிக்கும், ராமபாணப் பூச்சி விருந்துக்கு வரும். மாதம் ஒருமுறை நிழலில் உலர்த்துங்கள். செலோ டேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் மட்டும் பண்ணவே பண்ணாதீர்கள். சூட்டில் பழைய இங்க் என்ன ஆகும் என்று அந்தக் கடைக்காரருக்கே தெரியாது, அப்புறம் பிரிக்கவும் முடியாது.

இதில் பணம் பண்ணலாமா என்று கேட்கிற நண்பர்களுக்கு: எனக்குத் தெரிந்து செலவுதான். சமஸ்தான ஸ்டாம்புகளுக்கென்று கோப்பெல், மானர்ஸ் என்ற இரண்டு பேர் பெரிய கேட்டலாக் போட்டிருக்கிறார்கள். சர்வதேசக் கண்காட்சிகளில் ரெவின்யூவுக்குத் தனிப் பிரிவே உண்டு. அந்த மட்டத்துக்குப் போனால் விலை இருக்கிறது. எடைக்குப் போடும் கடையில் குந்தியிருக்கிற என்னைப் போன்றவனுக்குக் கிடைப்பது தும்மல்.

ஆனால் சரக்கு குறைந்துகொண்டே வருகிறது. 1994 வரை இருபது ரூபாயைத் தாண்டிய ரசீதுக்கெல்லாம் இருபது பைசா ஸ்டாம்ப். அந்த வருஷம் ஐந்நூறுக்கு மேல் ஒரு ரூபாய் என்று மாற்றினார்கள். 2004-ல் ஐயாயிரத்துக்கு மேல் என்றாகிவிட்டது. எங்கள் ஆபீஸ் சம்பளம் பேங்குக்குப் போய்ப் பல வருஷமாயிற்று. ஈர ஸ்பாஞ்சுக் கிண்ணத்தில் இப்போது குண்டூசி கிடக்கிறது. பங்களாமேட்டில் டீ குடித்துவிட்டுப் போனைக் காட்டினால், கடையில் இருக்கிற பெட்டி பணம் வந்துவிட்டது என்று ஊருக்கே கேட்கக் கத்துகிறது. அதன் குறுக்கே யார் கையெழுத்துப் போடுவது? போன மாதம் ஒரு அட்வான்ஸ் ரசீதுக்காக ஸ்டாம்ப் தேடினேன். தபாலாபீஸில் ஸ்டாக் இல்லை. பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் ஸ்டாம்ப் மூன்று ரூபாய். "ஏன்ணே?" என்றால், "வேணும்னா எடுங்க" என்கிறார்.

சரி, உத்தமபாளையத்துக்கு வருவோம்.

பெண் காபி கொடுத்துவிட்டு உள்ளே போனதும் வாத்தியார் விட்ட இடத்தில் தொடர்ந்தார். நான் மேலே சொன்ன கதையில் கால்வாசியைச் சொன்னேன். அப்பாவின் புரோநோட்டைக் கழுவிய கதையில் அவர் முகம் மாறியது. எழுந்து உள்ளே போனார். பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"இதைக் கொஞ்சம் பாருங்க தம்பி."

ஒரே ஒரு ரசீது. மேல்புறமும் வலது ஓரமும் பூச்சி தின்றுவிட்டது. தொகை இல்லை, தேதி இல்லை. 'பாக்கி அசலும் வட்டியும் பூராவும் பெற்றுக்கொண்டு' என்ற வரியும், ஸ்டாம்பும், அதன் குறுக்கே கையெழுத்தும் மட்டும் மிச்சம்.

விஷயம் இதுதான். வாத்தியாரின் அப்பா பக்கத்துத் தெருக் குடும்பம் ஒன்றில் இரண்டு தடவை கடன் வாங்கியிருக்கிறார். 1950-ல் வண்டி மாட்டுக்கு, 1958-ல் கிணறு வெட்ட. மாட்டுக் கடன் 1953-லேயே தீர்ந்தது, அது ஊருக்கே தெரியும். கிணற்றுக் கடன் தீர்ந்ததா இல்லையா என்று சொல்ல, கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. 1978-ல் ஒரு கல்யாணப் பந்தியில் அந்த வீட்டார் ஒருவர், 'கிணத்துக் கடனைக் கட்டாத குடும்பம்' என்று சொல்லிவிட்டார். வாத்தியார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தவர், அப்புறம் அந்தத் தெரு வழியாக நடப்பதையே விட்டுவிட்டார். பள்ளிக்கூடத்துக்குச் சுற்றிக்கொண்டு போவாராம். டப்பாவில் இருந்த ரசீது மாட்டுக் கடனுடையது என்று அவர் அம்மா சொல்லியிருந்ததால், இதைக் காட்டிப் பேசவும் வழியில்லை.

நான் பையிலிருந்து லென்ஸை எடுத்தேன். (பெண் பார்க்கப் போகும்போது லென்ஸ் எதற்கு என்று மாமா வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தார்.)

"சார், மாட்டுக் கடன் எந்த வருஷம் தீர்ந்துச்சுன்னீங்க?"

"அம்பத்து மூணு."

"அப்ப இது மாட்டுக் கடன் ரசீது இல்ல சார். அம்பத்து மூணுல அணாக் கணக்கு. ஒரணா ஸ்டாம்ப்தான் ஒட்டியிருக்கணும். இதுல பாருங்க, பத்து நயா பைசா. நயா பைசாவே 1957 ஏப்ரல் ஒண்ணாம் தேதிதான் பொறந்துச்சு. அறுபத்து நாலுல 'நயா' போயி வெறும் பைசா ஆயிருச்சு. இது கிணத்துக் கடன் ரசீதுதான்."

வாத்தியார் லென்ஸை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "நல்லாத் தெரியுமா தம்பி?" என்று மூன்று தடவை கேட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "வாங்க" என்றார். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் பக்கத்துத் தெருவுக்கு நடந்தோம்.

அந்த வீட்டுப் பெரியவருக்கும் அறுபதுக்கு மேல் வயது. திண்ணையில் ஏறிய வாத்தியாரைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார். டப்பாவைத் திறந்து, நான் நயா பைசாக் கதையை மறுபடி சொன்னேன். அவர் அதையெல்லாம் கேட்டதாகவே தெரியவில்லை. ஸ்டாம்பின் குறுக்கே இருந்த கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கய்யா கையெழுத்துதான்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே பார்த்து, "காபி கொண்டாங்க... மூணு" என்றார்.

எங்கள் கல்யாணத்துக்குப் பந்தியில் நின்று பரிமாறியவர்களில் அந்தப் பெரியவரும் ஒருவர்.

நிச்சயதார்த்தத்தன்று வாத்தியார், "என்ன எதிர்பார்க்கிறீங்க, கூச்சப்படாம கேளுங்க" என்றார். நகை, பைக், பணம் எதுவும் வேண்டாம் என்றேன். "அந்த ரசீது மட்டும் கிடைச்சா..." என்று இழுத்தேன்.

"பொண்ணைக் கேட்டீங்க, குடுத்துட்டேன். அதை மட்டும் கேக்காதீங்க மாப்ள."

மனசு கேட்காமல் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். ஒரிஜினல் பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் பண்ணிவிட்டாராம்.